இரத்தத்தில் எழுதியிருக்கிறதா?



இங்கே லைப்சிக்கில் எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சென்ற மாதம் கலியாணப் பேச்சு முறிந்தது. பெண்ணின் தாய் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறார் என்பதுதான் காரணம். "அது அவையின்ரை இரத்தத்திலை இருக்கு தம்பி. விஞ்ஞானமும் அப்பிடித்தான் சொல்லுது" என்றார் பேச்சை நடத்திய அண்ணை. உண்மையில் அப்படிச் சொல்கிறதா?

மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைக் கையாளும் ஒரு மரபணு உண்டு. அதன் குறுகிய வடிவம் உள்ளவர்கள் துன்பம் வந்தால் கூடுதலாக மனஞ்சோர்கிறார்கள் என, நியூசிலாந்தில் 847 பேரை ஆராய்ந்தவர்கள் 2003இல் எழுதினர். பிறகு பலரும் ஆராய்ந்தனர். பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதைத் தொகுப்பாய்வு என்பர். 2009இல் 14 ஆய்வுகளைக் கூட்டியவர்கள் 'தொடர்பு இல்லை' என்றனர். 2011இல் 54 ஆய்வுகளைக் கூட்டியவர்கள் 'உண்டு' என்றனர். ஒரே கேள்விக்கு எப்படி இரண்டு விடை?

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் எமக்கு இது புதிதல்ல. எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முதற் குழு ஒரே மாதிரி அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தது. இரண்டாவது குழு சிறுவயதுக் கொடுமை, கடும் நோய் பற்றியவற்றையும் சேர்த்தது. முன்னையவர்கள் எடுத்தவற்றை மட்டும் கூட்டியபோது அவர்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. துன்பத்தை நேரில் இருந்து கேட்டார்களா, படிவத்தில் புள்ளடி போடவைத்தார்களா என்பதும் ஒரு வேறுபாடு.

இன்னொன்று, 'உண்டு' என்ற ஆய்வு அச்சேறும். 'இல்லை' என்றது இலாச்சிக்குள் கிடக்கும். இத்தகைய மரபணு ஆய்வுகளை 2011இல் எண்ணிப் பார்த்தார்கள். புதிதாகச் செய்தவற்றில் 96 வீதம் 'உண்டு' என்றன. அவற்றைத் திரும்பச் செய்து பார்த்தவற்றில் 27 வீதமே அப்படிச் சொல்லின.

எனவே பலர் கூடி, முறையை முன்கூட்டியே எழுதிவைத்து, 38,802 பேரின் விபரங்களைப் பார்த்தனர். 2018இல் முடிவு வந்தது. அந்த மரபணுவுக்கு உறுதியான பங்கு தெரியவில்லை. துன்பத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்போ 2009 கணக்கிலேயே தெளிவாக இருந்தது.

பரம்பரைக்குப் பங்கே இல்லையென்பதல்ல. பல மரபணுக்கள் துளித்துளியாகச் சேர்கின்றன. ஒரு குடும்பத்தின் நெற்றியில் ஒட்ட அவற்றில் எதுவும் போதாது.

ஷெல்லடி, முகாம், விசாவுக்கான காத்திருப்பு என்று அந்தத் தாய் கடந்து வந்தவை எமக்கும் தெரியும். மருந்து எடுப்பது வெட்கமல்ல. நாம் சொல்வதை வைத்தியர் வெளியே சொல்லக்கூடாதென்பது இந்நாட்டுச் சட்டம். பயப்படாமல் போங்கள்.

அண்ணைக்கும் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப திரும்பக் கதைச்சுப் பாப்பமோ?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றோம்.