புரட்டிப் போட்டவர்கள்

‘தமிழ்ச் சிறுகதையைப் புரட்டிப் போட்டவர் புதுமைப்பித்தன்’ என்று முழங்காத இலக்கிய மேடை நெல்லையில் அபூர்வம். அவரோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது பின்னட்டைக்குப் பின்னட்டை ஏதாவது ஒன்று புரட்டிப் போடப்பட்டுக் கிடக்கிறது: நாவலின் வடிவம், கவிதையின் மொழி, வாசகனின் பிரக்ஞை. இத்தனை புரட்டலுக்குப் பிறகும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வினையின் சுபாவம் அதுதான். தோசையைப் புரட்டிப் போட்டால் தோசைதான். மொட்டைமாடியில் காயும் மிளகாய் வற்றலைப் புரட்டினாலும் மிளகாய் வற்றல்தான். மேல் கீழாகிறது, கீழ் மேலாகிறது, வஸ்து மாறுவதில்லை. ‘புரட்சி’ முளைத்த வேரிலேயே பித்தலாட்டத்தைக் குறிக்கும் ‘புரட்டு’ம் முளைத்திருப்பதை நம் விமர்சகர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த வினை தன் முழுக் கனத்தோடு நின்ற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. கரை மீறிய தாமிரபரணி வண்டிகளையும் வாழைகளையும் புரட்டிப் போட்டது. அங்கே அந்தச் சொல் உவமை அல்ல, நடந்ததன் பெயர். அந்த வெள்ளத்தைப் பார்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது பக்கக் கவிதைத் தொகுதிக்கு அதே வினையை எடுத்து வழங்க எப்படிக் கை வருகிறது?

நான் பாங்க் குமாஸ்தா. வெள்ளத்தில் பயிர் போன விவசாயியின் குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்ற வேண்டுமென்றால், எந்தக் கடன், எதுவாக மாறுகிறது, எந்தக் காரணத்தால் என்று எழுதியாக வேண்டும். பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருந்தால்தான் உண்டு என்பது அன்றைய ரிசர்வ் வங்கி விதி. ‘வெள்ளம் இவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது’ என்று மட்டும் குறிப்பெழுதினால் அந்தத் தாள் மேஜை தாண்டாது. ஒரு பயிர்க்கடனுக்குக் காட்டும் சிரத்தையை ஒரு சிருஷ்டிக்குக் காட்டக் கூடாதா?

பேரேட்டு ஒழுங்கு இலக்கியத்துக்கு அந்நியம் என்பார்கள். அந்நியம் அல்ல. நன்னூல் சொல்லும் மூன்று விகாரங்களில் ஒன்று திரிதல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். எது திரிந்தது? னகரம். எதுவாக? றகரமாக. எதனால்? பக்கத்தில் வந்து நின்ற ககரத்தால். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அடுப்படியிலும் இதே வினைதான்: பால் திரிந்தது என்கிறோம். திரிந்த பால் மறுபடி பாலாவதில்லை. புரட்டிய தோசையைத் திரும்பவும் புரட்டலாம்.

இந்த வித்தியாசத்தோடு ‘சாபவிமோசன’த்தைப் படித்துப் பாருங்கள். 1943இல் வெளியான அந்தக் கதையில் புதுமைப்பித்தன் ராமாயணத்தைப் புரட்டிப் போடவில்லை. புரட்டியிருந்தால் ராமன் வில்லனாகவும் ராவணன் நாயகனாகவும் ஆகியிருப்பார்கள். அது சுலபமான காரியம். அவர் கதையில் ராமன் ராமனே, சீதை சீதையே. கல் பெண்ணானதும் பழைய கதையே. அகலிகையின் காதில், சீதை வாய்மொழியாகவே, அக்கினிப் பிரவேசச் செய்தி விழுகிறது. பாலில் விழுந்த துளி அது. தன்னை மீட்டவனே தன் மனைவிக்கு நெருப்பைக் கேட்டான் என்று அறிந்தவள் மீண்டும் கல்லாகிறாள். இங்கே திரிந்தது ‘கல்’ என்ற சொல். முதல் தடவை அது சாபம். இரண்டாம் தடவை அதுவே விமோசனம். திரித்தது சீதை கொண்டுவந்த அந்தச் செய்தி. இதைப் படித்தவன் பழைய அகலிகையிடம் பழையபடி திரும்பிப் போக முடியாது.

இதைச் சொல்ல ஒரு பக்கம் தேவைப்படுகிறது. கதையை இரண்டு முறை படிக்கவும் வேண்டியிருக்கிறது. ‘புரட்டிப் போட்டார்’ என்பதற்குப் படிக்கவே வேண்டாம். அந்த வினையின் செல்வாக்குக்குக் காரணம் அதுதான்.

இனி எவராவது எதையாவது புரட்டிப் போட்டதாக எழுதினால், நான் கேட்கப்போவது மூன்றே கேள்விகள்: எது, எதுவாக, எதனால்? பதில் இருக்குமானால் அந்த வினை தேவைப்படாது. பதில் இல்லையென்றால், எழுதியது விமர்சனம் அல்ல, புரட்டு.