சாராய மூடியில் நெய்த பட்டு



சென்ற இதழில் பழைய பால் டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் பூச்செடி வளர்ப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஜொகூர்ப் பக்கமிருந்து சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "டின்னில் செடி வைப்பது சிக்கனம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காலத்தில் குப்பையைக் கூட்டி, ஒட்டி, மண்டபத்தில் மாட்டிவைத்துவிட்டு அதைக் கலை என்கிறார்களே! அது உண்மையிலேயே கலைதானா? இல்லை, படித்தவர்கள் சேர்ந்து நம்மை ஏமாற்றுகிற வேலையா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. பலருடைய மனத்தில் இருப்பதைத்தான் அந்தச் சகோதரி துணிந்து கேட்டிருக்கிறார்.

வண்ணமும் தூரிகையும் இல்லாமல் படம் செய்கிறவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சபாவில் பிறந்த ரெட் ஹோங் யீ என்ற பெண், கட்டடக் கலை படித்தவர். 2012-ஆம் ஆண்டில் கூடைப்பந்து ஒன்றைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துத் தரையில் தட்டி, சீனாவின் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் முகத்தை வரைந்துவிட்டார். கோப்பிக் கறையிலும் முகம் வரைந்திருக்கிறார். பார்த்தால் "அடடே!" என்று வாய் தானாகத் திறக்கும்.

ஆனால் பொருள் விசித்திரமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. விசித்திரம் நாலு நாள் பேச்சு. ஐந்தாம் நாள் வேறு ஒன்று வந்துவிடும். கூடைப்பந்து வீரரைக் கூடைப்பந்தால் வரைந்ததில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பொருளுக்கும் அந்த மனிதருக்கும் உறவு இருக்கிறது. அந்த உறவு எவ்வளவு ஆழத்துக்குப் போகக்கூடும் என்பதைக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எல் அனாட்சுயி. அவர் கையில் எடுத்த பொருள் சாராயப் போத்தலின் மூடி!

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு. எங்கோ இருக்கிற ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். நம் தோட்டங்களில் ரப்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே செம்பனை, அதற்கு அந்தக் கரைதான் பிறந்த வீடு. அங்கிருந்து ஜாவாவுக்கு வந்து, பிறகு நம்மிடம் வந்தது. 1917-இல் கோல சிலாங்கூர் அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் அதை முதன்முதலாக வியாபாரத்திற்கென்று நட்டார்கள்.

அந்தக் கானாவில், அன்யாக்கோ என்ற ஊரில் 1944-இல் பிறந்தவர் அனாட்சுயி. தந்தையார் மீன் பிடிப்பவர், தறியும் போடுவார். அண்ணன்மாரும் நெசவு அறிந்தவர்கள். அவர்கள் நெய்தது "கெண்டே" என்ற துணி. நான்கு அங்குல அகலத்தில் நீள நீளமாக நாடாவைப் போல் நெய்து, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் பெரிய போர்வையாகும். மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும். நமக்குக் கல்யாணப் பட்டு எப்படியோ, அவர்களுக்குக் கெண்டே அப்படி.

நம் கலைஞர் தறியில் உட்காரவில்லை. கல்லூரியில் சிற்பம் படித்தார். 1975-இல் நைஜீரியாவில் உள்ள நுசுக்கா என்ற ஊருக்குப் பல்கலைக்கழக ஆசிரியராகப் போனார். பல பத்தாண்டுகள் அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கல்லூரியில் அவருக்குக் கற்பித்ததெல்லாம் மேல்நாட்டுச் சிற்பம். சலவைக் கல், வெண்கலம் என்ற பேச்சுத்தான். ஆனால் தம்மைச் சுற்றியிருக்கிற சனங்கள் தினமும் கையில் எடுக்கிற பொருளில் என்ன செய்யலாம் என்றுதான் அவருடைய புத்தி போயிற்று. சந்தைப் பெண்கள் பண்டம் பரப்பி விற்கும் வட்ட மரத்தட்டை எடுத்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் சூடு போட்டுச் சித்திரம் செய்தார். பிறகு உடைந்த பானைகள். பானை உடைந்தால் அதன் கதை முடிந்துவிடுவதில்லையாம். வேறு வேலைக்கு அது புறப்படுகிறதாம். நம் பாட்டிமார் பானை ஓட்டில் தணல் எடுத்துப் போனார்களே, அதே எண்ணந்தான். அதற்குப் பிறகு பழைய உரல்கள், மரவள்ளிக் கிழங்கு துருவித் துருவித் துருப்பிடித்த தகடுகள், டின்பாலின் மூடிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்.

இவை அத்தனைக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. எல்லாமே மனிதர் கைபட்டுத் தேய்ந்தவை. கைபட்ட பொருளில் அந்தக் கைக்குரியவரின் ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு பை மூடி

1998-ஆம் ஆண்டு வாக்கில், நுசுக்கா அருகே புதர் ஓரத்தில் யாரோ வீசிவிட்டுப் போன ஒரு பை அவர் கண்ணில் பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் சாராயப் போத்தலின் அலுமினியத் திருகு மூடிகள். அந்த ஊரில் காலிப் போத்தலை ஆலைகள் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பிக்கொள்ளும். மூடிதான் வீண். அவர் அந்தப் பையை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு மூலையில் போட்டார். மாதக்கணக்கில் அது சும்மா கிடந்தது.

பிறகு ஒரு நாள் வேலை ஆரம்பித்தது. மூடியைத் தட்டித் தகடாக்கினார். சிலவற்றை மடித்தார், சிலவற்றை முறுக்கினார், சிலவற்றை வளையமாக வெட்டினார். ஓரங்களில் துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியால் ஒன்றோடு ஒன்றைக் கட்டினார். பத்தானது, நூறானது, ஆயிரமானது. தூக்கிச் சுவரில் மாட்டினால்... தங்க நிறமும் சிவப்பும் கறுப்புமாய் மடிப்பு மடிப்பாக விழுகிற ஒரு துணி! தறியில் உட்காராத பிள்ளையின் கையில் தகப்பனாரின் கெண்டே வந்து சேர்ந்துவிட்டது.

அதற்கு அவர் சாயம் பூசுவதில்லை. மூடிக்கு ஆலைக்காரன் அடித்த நிறம் எதுவோ அதுதான். அதில் அச்சிட்ட சாராயப் பெயரையும் அவர் அழிப்பதில்லை. தூர நின்றால் பட்டு. கிட்டே போனால் சாராயக் கடை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நம் கண்ணில் காட்டுவதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

இது ஒற்றை ஆளின் வேலையும் இல்லை. நுசுக்கா இளைஞர்கள் பலர் கூலிக்கு உட்கார்ந்து மூடியைக் கோக்கிறார்கள். ஒருவர் கட்டுவது இறுக்கமாக இருக்கும், இன்னொருவர் கட்டுவது தளர்ந்திருக்கும். அந்த வேறுபாடு துணியில் தெரியட்டும் என்றே விட்டுவிடுகிறார். அவர்கள் கோத்துத் தந்த துண்டுகளைத் தரையில் பரப்பி, இதை அங்கே, அதை இங்கே என்று மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்வது அவர் வேலை. முடிந்ததைச் சேலைபோல் மடித்துப் பெட்டியில் அனுப்பிவிடலாம். அங்கே அதை எப்படி மாட்டுவது என்பதையும் அவர் கட்டளையாகச் சொல்வதில்லை. ஒவ்வோர் ஊரிலும் மடிப்பு வேறாக விழும்.

இந்த மூடித் துணிகளை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. 2007-இல் இத்தாலியின் வெனிஸ் கலைவிழாவின்போது ஒரு பழைய மாளிகையின் முகப்பையே இவருடைய துணி போர்த்தி நின்றது. 2015-இல் அதே விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கொடுத்தார்கள். ஏலத்தில் பத்து லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டி விலைபோனதும் உண்டு.

மூடிக்குள் இருக்கும் சரித்திரம்

சரி, மூடி எதற்கு? பொத்தானில் செய்யலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நம் சகோதரியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு வந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. ரம், பிராந்தி, ஜின் என்று பீப்பாய் பீப்பாயாக இறக்கினார்கள். அதற்கு ஈடாக ஏற்றிச் சென்றவற்றில் மனிதர்களும் அடக்கம். அப்படிக் கொண்டுபோன மக்களை அமெரிக்கக் கண்டத்திலும் அதன் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைத்தார்கள். அந்தக் கரும்பின் பாகிலிருந்து ரம் காய்ச்சினார்கள். அந்த ரம் மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று, இன்னும் மனிதர்களை வாங்க! ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றையும் கட்டிப்போட்ட கயிறு இந்தப் போத்தல்தான் என்று அனாட்சுயி விளக்குகிறார். பொத்தானுக்கு இந்தக் கதை ஏது?

2023 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் அவருடைய பெரிய படைப்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். 2024 ஏப்ரல்வரை அது அங்கே இருந்தது. முன்னொரு காலத்தில் மின்சார நிலையமாக இருந்த கட்டடம் அது. வாசல் பக்கம் கப்பலின் பாய்போல் ஒரு விரிப்பு, அதில் செந்நிலா. உள்ளே போனால் மெல்லிய வளையங்களால் ஆன உருவங்கள், அந்தரத்தில் சிதறிய மனிதர்களைப் போல. ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் அவை ஒன்றுகூடி உலக உருண்டையாகத் தெரியும். கடைசியில் கரிய சுவர். இதில் இன்னொரு பொருத்தம் பாருங்கள்: டேட் என்ற அந்தப் பெயர், சீனி வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஹென்றி டேட்டின் பெயர்.

நமக்கும் சொந்தமான கதை

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நம் பெரியவர்களின் நினைவு வரவில்லையா?

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடப்புக்கு வந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தம் எழுதி இந்தியாவிலிருந்து கப்பலேற்றினார்கள். மொரீசியசுக்குப் போனார்கள், இங்கே செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் வந்தார்கள். பிறகுதான் ரப்பர். அடிமையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்து, கொடுத்த கூலியை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்ட கணக்கு நமக்குத் தெரிந்த கணக்குத்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1947-இல் பீடோங் பக்கம் போலீசோடு மோதலும் நடந்தது.

சம்பள நாளில் அப்பாவுக்காக வாசலில் காத்திருந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். சம்சுப் போத்தலின் மூடி அவர்களுக்கு வெறும் மூடியாகத் தெரியாது. அடுப்பில் வைக்காத சோறு அதில் தெரியும். கட்டாத பள்ளிச் சம்பளம் தெரியும். அம்மாவின் காதிலிருந்து இறங்கிய தோடு தெரியும். அப்படிப்பட்ட பொருளைத் துடைத்து, பெயரை மறைக்காமல், துணியாகக் கோத்துக் காட்டுவது சிறிய காரியமா? துணி என்பது பிறந்த குழந்தையைச் சுற்றுவது, மணப்பெண்ணுக்குக் கொடுப்பது, இறந்தவர்மேல் போர்த்துவது. அவமானத்தின் சின்னத்தை அவர் மரியாதையின் சின்னமாக மாற்றிவிட்டார். நடந்ததை மூடி மறைத்துவிட்டுச் செய்திருந்தால் அதற்கு இந்த மதிப்பு இருக்காது.

ஆகவே சகோதரி, என் பதில் இதுதான். குப்பையில் செய்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடவும் வேண்டாம், அதற்காகவே புகழவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருளுக்குப் பதில் வேறு பொருளை வைத்தால் அர்த்தம் கெடுமா? இதில் கையின் உழைப்புத் தெரிகிறதா? வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், செய்தவர் யாராக இருந்தாலும் கும்பிடுங்கள். இல்லை என்றால், மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாராளமாகத் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தைக் காலி செய்து அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது நாம் முதலில் தூக்கிப் போட்டது எவற்றை? பால் வெட்டும் உளி, மங்கு, காண்டாக் கம்பு, தாத்தா கப்பலில் கொண்டு வந்த தகரப் பெட்டி. "இடத்தை அடைக்கிறது" என்றோம். அவை தேய்ந்திருந்த தேய்மானத்தில் ஒரு குடும்பத்தின் நாற்பது வருடம் இருந்தது. அதைப் பார்த்துச் செய்யக்கூடிய ஓர் அனாட்சுயி நம் பிள்ளைகளில் இருந்தாலும், பொருள் இல்லாமல் அவன் என்ன செய்வான்?

மிச்சமிருப்பதையாவது காப்போம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பொருள் இருந்தால், அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். விரும்பினால் அதன் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். நல்லவற்றை இந்தப் பகுதியில் வெளியிடுவோம்.