பறப்பவர் படும் பாடு

ஆகாய விமானத்தில் அடிக்கடி செல்பவர் என்றால், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வர்த்தகரின் உருவமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றும். யானோ நன்னூலும் நைடதமும் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்க்கும் தமிழாசிரியன். எனினும், கடந்த சில ஆண்டுகளாகப் பாடசாலை விடுமுறை வரும்போதெல்லாம் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, விடுமுறை முடியுமுன் திரும்பிவருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திலும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய பதிப்புக்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கே இவ்வளவு பறப்பும். இதற்காகும் செலவைப்பற்றி என் மனைவியார் கூறும் கருத்தை இங்கு எழுதுதல் பொருந்தாது.

பலாலியின் வான்வழி புதியதன்று. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சேர்ந்தது. காங்கேசன்துறை என அன்று சொல்லப்பட்டது பலாலித் தளமே. பின்னர் நாட்டில் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர். நெடுங்காலம் அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தான் இரவு முழுவதும் பஸ்ஸிற் குலுங்கித் தெற்கே கட்டுநாயக்கா சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பித் தன் ஊர்ப்பக்கத்தையே வானத்தில் கடந்து போகவேண்டியிருந்தது. 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. சில மாதங்களுக்குள் கொள்ளைநோய் வந்து அதனை நிறுத்திற்று. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கிய பின்னரே என் யாத்திரைகளும் தொடங்கின. நேர்கோட்டில் 360 கிலோமீற்றர் அளவான தூரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பு. அதற்கு முன் மூன்று மணி நேரம் காத்திருத்தல் என்பது வேறு கணக்கு.

அடிக்கடி பறப்போருக்கு அவர் கடந்த தூரத்தைக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் முறையொன்று உண்டு. 1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனமும் தொடங்கிய அம்முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. போய்வர 720 கிலோமீற்றர் என்ற என் கணக்குக்கு அவர்கள் என்ன தருவார்கள் என்று ஒருமுறை ஆராய்ந்து பார்த்தேன். எழுபது வயதில் ஒரு கோப்பை கோப்பி கிடைக்கலாம்.

முதல் இடர் பெயரில் தொடங்குகின்றது. விமானச்சீட்டுப் பதியும் கணினிக்கு எல்லா மனிதருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருந்தே ஆகவேண்டும். நமக்கோ தந்தை பெயரும் தன் பெயருமே உள்ளன. கடவுச்சீட்டின் அடியிற் பொறி வாசிப்பதற்கென இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருத்தலைக் காணலாம். ஒரு வரிக்கு 44 இடங்கள். முதல் வரியிற் பெயருக்கு உரியவை 39. வெள்ளைக்காரர் பெயருக்கு அது பெருவெளி. திருஞானசம்பந்தமூர்த்தி என்பது தமிழில் 13 எழுத்து. உரோம எழுத்தில் எழுதினால் 26 ஆகிவிடும். தந்தை பெயரும் அத்தகையதாயின், எங்கேனும் ஓரிடத்தில் வால் அறுபடுதல் திண்ணம். என் பெயரும் சீட்டில் எப்போதும் ஈறு கெட்டே வருகின்றது. நன்னூலார் கூறும் கெடுதல் விகாரத்துக்கு உதாரணம் கேட்கும் மாணவருக்கு யான் இச்சீட்டையே காட்டுவதுண்டு. போதாக்குறைக்கு, 'மிஸ்ரர்' என்பதன் சுருக்கத்தையும் இடைவெளியின்றிப் பெயரின் பின்னே ஒட்டிவிடுகின்றார்கள்.

இதில் ஒரு சிறு இன்பமும் உண்டு. ஒருநாள் சென்னை நிலையத்தில் ஒரு நூலில் ஆழ்ந்திருந்து அழைப்பைத் தவறவிட்டேன். வாயிலில் நின்ற இளைஞர் ஒருவர் என் தந்தையாரின் பெயரை உரத்துக் கூவிக்கொண்டு வந்தார். கணினியின் கணக்கில் அதுவே என் குடும்பப் பெயர். தந்தையார் இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வாழ்நாளில் ஒருமுறையேனும் விமானம் ஏறியிராத அவரை, "சீக்கிரம் வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று அவ்விளைஞர் அழைத்தபோது, ஒரு கணம் யான் எழாமலே இருந்துவிட்டேன்.

இனி நிறுவைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எங்கள் பாடசாலை நூலகத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய மாணவர் சிலர் பணம் சேர்த்துத் தந்தனர். ஒரு ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், ஆறு பாகங்களும் பின்னிணைப்புமாக மறுபதிப்புத் தொகுதியொன்று என் கைக்கு வந்தது. அதனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விமான நிலையம் சென்றேன். நிறுவையில் வைத்த பெண், பதினொரு கிலோ மிகை என்றார். அதற்குக் கேட்ட கட்டணம் நூலின் விலையிற் பாதிக்கு மேல் இருந்தது. கைப்பையில் 7 கிலோவுக்கே அனுமதி. அது முன்னரே என் குறிப்பேடுகளால் நிறைந்திருந்தது.

எனக்குப் பின்னால், சிதம்பர தரிசனம் முடித்து ஊர் திரும்பும் ஆச்சி ஒருவர் நின்றார். அவர் என் நிலையைப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ர பையில ரெண்டு சீலையும் கொஞ்சம் திருநீறும்தான் கிடக்கு. உங்கட புத்தகத்தில பாதியை என்ர கணக்கில போடுங்கோ" என்றார்.

அந்தப் பெண் உடனே மறுத்தார். "அப்படிப் போட முடியாதுங்க பாட்டி. உங்க டிக்கெட் வேற, சார் டிக்கெட் வேற. மத்தவங்க குடுக்கிற பொருளை யாரும் எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது."

அவர் கூறியதிற் பிழையில்லை. பிறர் பொதியை ஏற்றுச் செல்லாதே என்பது உயிர் காக்கும் விதி. தீயோர் சிலரால் எழுந்தது. ஆயினும் ஆச்சிக்கு அது விளங்கவில்லை. தாம் ஏதோ களவுக்குத் துணைபோனவர்போல் எண்ணப்பட்டதாக அவர் முகம் வாடிற்று. யான் நிலத்தில் முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளை எடுத்து வெளியே வைத்தேன். சட்டை மூன்றையும் வைத்தேன். குறைந்த நிறை ஒரு பாகத்துக்கே போதுமாயிருந்தது. வாயிலின் புறத்தே நின்ற நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, காவலரிடம் இரந்து அனுமதி பெற்று, எஞ்சிய பாகங்களையும் என் துணிகளையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, முதற் பாகத்துடன் ஊர் திரும்பினேன். அன்று தொடங்கி, ஒரு யாத்திரைக்கு ஒரு பாகம் என்பதே என் கணக்கு.

லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு பாகங்களாக வெளிவந்தது. பின்னிணைப்பு 1939 இல் வந்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அதற்கு அடிப்படையாக அமைந்தது 1862 இற் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதி. அவ்வகராதியின் வேலையோ நைற் பாதிரியாரால் இந்த யாழ்ப்பாணத்திலேதான் தொடங்கப்பெற்றது. அவர் திரட்டிய சொற்கள் கடல் கடந்து சென்று அச்சேறின. 1849 இல் நாவலர் அவர்கள் அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்று, வாங்கிய யந்திரத்தைக் கப்பலேற்றிக் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார்கள். இரும்பு யந்திரம் ஒன்றைக் கொணர்ந்த கடலின் மேலாக இன்று ஓர் அகராதியைக் கொணர எனக்கு ஏழு பயணம் வேண்டியிருக்கின்றது. அதுவும், 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களை ஓரிரவில் தீக்கு இரையாகக் கொடுத்த ஊருக்கு!

முதற் பாகத்துடன் திரும்பிய அன்று மனம் கசந்தே விமானம் ஏறினேன். எனினும் அச்சிறு விமானத்தை வெறுக்க முடியாது. எழுபது பேர் அளவில் அமரும் ஏ.டி.ஆர். வகை, இரண்டு சுழல்விசிறிகள். பின்வாயிலால் ஏறவேண்டும். சிறகுகள் உடலின் மேற்புறத்திற் பொருத்தப்பட்டிருத்தலால் எச்சாளரத்தருகே இருப்பினும் நிலக்காட்சி மறைபடாது. பெருவிமானங்களைப்போல் முகில்களுக்கு மிக மேலே செல்வதுமில்லை. சென்னையிலிருந்து வரும்போது வலப்பக்கத்தில் அமர்ந்தால், வானம் தெளிந்து விமானமும் கரையை அடுத்துப் பறக்கும் நாளில், சோழநாட்டுக் கடற்கரை முழுவதும் படம் விரித்தாற்போலக் கிடக்கும்.

முதன்முறை அவ்வாறு பார்த்தபோது, அகன்றதோர் ஆறு கடலிற் கலக்கும் இடத்தைக் கண்டு, அதுவே காவிரிப்பூம்பட்டினத்துச் சங்கமுகம் என்று கொண்டு மெய்சிலிர்த்தேன். ஊர் திரும்பிப் பட்டினப்பாலை வகுப்பில் அதனை விரித்தும் உரைத்தேன். பின்னர் சிதம்பரத்து அன்பர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். யான் கண்டது கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பிற் காவிரி பிரியும்போது வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே செல்ல, பூம்புகாரை அடையும் காவிரி மெலிந்த ஓடையாகவே அடைகின்றது. அடுத்த பயணத்தில், கொள்ளிடம் கடந்து சிறிது தெற்கே உற்றுநோக்கினேன். மணற்கரையிடையே நூலிழைபோல் ஒன்று தெரிந்தது. வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். "முந்திச் சொன்னதுதான் சேர் நல்லாயிருந்தது" என்றான் ஒரு மாணவன்.

பலாலியில் இறங்கியதும் சுங்க உத்தியோகத்தர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இளைஞர்.

"என்ன சேர் இது, இவ்வளவு பெரிய புத்தகம்? விக்கிறதுக்கோ?"

"இல்லைத் தம்பி, படிப்பிக்கிறதுக்கு. உம்முடைய தொழிலின் பழைய பெயரும் இதில் இருக்கின்றது" என்று சொல்லி, 'உல்கு' என்ற சொல்லை எடுத்துக் காட்டினேன். சுங்கத்துக்கு வழங்கிய பழந்தமிழ்ப் பெயர் அது. கடலில் வந்த பண்டத்துக்கும் கடலிற் செல்லும் பண்டத்துக்கும் புலி முத்திரை பொறித்துக் காவல் புரிந்த புகார்நகர்ச் சுங்கத்தாரைப் பட்டினப்பாலை பாடியிருப்பதையும் கூறினேன். அவர் அப்பக்கத்தை நின்றபடியே வாசித்தார். அச்சொல்லின் கீழுள்ள சொல்லையும் வாசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் வெளிப்படையாகவே ஏசினார். அது நியாயமே. பொதி காத்து நிற்பவருக்குப் பட்டினப்பாலை எதற்கு? ஆயினும் அவ்வைந்து நிமிடம் எனக்குத் தந்த மகிழ்ச்சிக்கு ஈடாக எந்நிறுவனத்தின் பரிசையும் யான் ஏலேன்.

இனி என் விண்ணப்பம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் நடத்துவோரும், இரு நாட்டு விமானத்துறை அதிகாரிகளும், ஆசிரியர், மாணவர் ஆகியோர் தம் நிறுவனத்தின் கடிதத்துடன் கொண்டுவரும் நூல்களுக்குத் தனியாக ஒரு பத்துக் கிலோ வழங்கவேண்டும்.

விமானம் சிறிது, ஓடுபாதை குறுகியது, ஒவ்வொரு கிலோவும் கணக்கிற்குரியது என்பார்கள். யான் மறுக்கவில்லை, பாரம் மிகுந்த விமானத்தில் ஏற எனக்கும் விருப்பமில்லை. ஆயின் இரண்டு சேலையுடன் வந்த ஆச்சிகள் விட்டுச்செல்லும் இடம் விமானத்தில் இருக்கத்தானே செய்கின்றது? பயணிகளின் பொதிகளையெல்லாம் நிறுத்து முடிந்தபின், மொத்தப் பாரம் இடங்கொடுக்கும் நாளில் நூல்களை ஏற்றினாற் போதும். இடமில்லாத நாளில் அடுத்த விமானத்தில் அனுப்பட்டும். நூல் பழுதாகும் பண்டமன்று.

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டே என்று சிலர் கேட்பர். 2023 ஒக்டோபரில் அது தொடங்கியபோது மகிழ்ந்தவருள் யானும் ஒருவன். ஆனால் நமக்கு விடுமுறையும் சென்னையிற் புத்தகக் காட்சியும் கூடிவரும் காலம் வாடைக்காற்றின் காலம். கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நம்பிப் பயணம் குறிக்க முடியாது. அகராதி இணையத்திலேயே இருக்கின்றதே என்று மாணவர் கேட்பர். உண்மை; யானும் அங்கே பார்ப்பதுண்டு. ஆயினும் கேட்ட சொல்லை மட்டுமே கணினி எடுத்துத் தரும். உல்கு என்ற சொல்லைப் பார்த்த உத்தியோகத்தர் அதன் கீழுள்ள சொல்லையும் வாசித்தார் என்றேனே, அது தாளில் நிகழ்வது. கைத்தொலைபேசி இல்லாத மாணவரும் என் வகுப்பில் உளர்.

அந்த ஆச்சியைப் பின்னர் ஒருமுறை நல்லூரிற் கண்டேன். என்னை அடையாளங்கண்டு, "புத்தகமெல்லாம் வந்து சேர்ந்திட்டுதோ தம்பி?" என்று கேட்டார். நான்கு பாகம் வந்துவிட்டது என்றேன். இப்போது ஆறும் வந்துவிட்டன. பின்னிணைப்பு மட்டும் சென்னை நண்பர் வீட்டு அலுமாரியில், என் வேட்டி ஒன்றின் அடியில் இருக்கின்றது. வரும் விடுமுறைக்கு விமானச்சீட்டுப் பதிந்திருக்கின்றேன். நேற்று அதன் பிரதி வந்தது. பெயரில் இம்முறை மூன்று எழுத்துக்களைக் காணவில்லை.