தேனுக்கும் நியாய விலை உண்டு

எங்கள் ஊரில் தேன் வாங்குவோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "இது சுத்தமான தேனா?" என்பது ஒன்று. "இன்னும் கொஞ்சம் குறைக்க ஏலாதா?" என்பது மற்றது. முதற்கேள்விக்கு உண்மையான பதில் வேண்டுமென்றால் இரண்டாவதை யோசித்துத்தான் கேட்க வேண்டும் என்பது எனது கருத்து.

தேன் எமக்கு வெறும் இனிப்புப் பண்டமல்ல. திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது. தேனில் மனிதர்க்கு நிவாரணம் உண்டென்று அது கூறுகிறது. அந்த நம்பிக்கையையே ஏமாற்று வியாபாரி தனது முதலாக்கிக் கொள்கிறான். வாளி நிறையச் சீனிப்பாகு, அதன் மேல் ஒரு துண்டு தேன்வதை, அதில் ஊரும் நாலைந்து தேனீக்கள். எமது கண் வதையிலேயே நின்றுவிடுகிறது. போத்தலுக்குள் இறங்குவதோ பாகு.

இவனைப் பிடிக்க நாம் நம்பியிருப்பது தண்ணீர், தீக்குச்சி, எறும்பு ஆகிய சோதனைகளை. தண்ணீரில் கரையாமல் அடியில் நிற்பதே நல்ல தேன் என்பர். இறுகக் காய்ச்சிய பாகும் அப்படித்தான் நிற்கும். ஈரப்பதன் கூடிய அசல் காட்டுத்தேனோ விரைவில் கலந்துவிடும். தேனில் தோய்த்த தீக்குச்சி பற்றுவதும் பற்றாததும் ஈரத்தைக் காட்டுமேயன்றிக் கலப்படத்தைக் காட்டாது. எறும்பு நல்ல தேனையும் தின்னும். உறைந்த தேனைச் சீனி கலந்ததென்று ஒதுக்குவதும் சரியல்ல. தேனிலுள்ள குளுக்கோசு உறைவது இயல்பு. இச்சோதனைகளில் பல வேளை நேர்மையானவர் அகப்பட, கள்வன் தப்பிவிடுகிறான்.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 தேன் மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை எனக் காணப்பட்டன. ஆய்வுகூடங்கள் நிறைந்த நாடுகளின் நிலையே இதுவென்றால், தீக்குச்சியுடன் நிற்கும் நாம் எம்மாத்திரம்?

ஆகவே தேனை அறியுமுன் விற்பவரை அறிவோம். எந்தக் காட்டில், எந்த மாதத்தில் எடுத்தது? பெட்டித்தேனா, மலைத்தேனா? பழுதென்றால் திருப்பி எடுப்பீர்களா? நேர்மையானவர் இவற்றுக்குத் தயங்கார். "இப்போது தேன் இல்லை, பருவம் வரட்டும்" என்றும் சொல்வார். விலையையும் போத்தல் கணக்கில் பேசாமல் நிறையில் பேசுவதே நியாயம். ஒரு லீற்றர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ. ஆகவே 750 மில்லிலீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அதைவிட நன்கு குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று அறியலாம். நிறை சரியாக இருப்பதால் மட்டும் அது அசல் என்றாகிவிடாது, பாகும் பாரமானதே.

இனி விலைக்கு வருவோம். தம்பானை ஆதிவாசிகளைப் போலக் காட்டில் தேனெடுப்போர் உயர்ந்த மரமேறி, புகை போட்டு, கொட்டும் வாங்கியே ஒரு வதையை இறக்குகிறார்கள். சீனியும் தண்ணீரும் காய்ச்சியவன் எந்த விலைக்கும் இறங்குவான். இவர்களால் இறங்க முடியாது. நாம் பேரம் பேசப் பேச, சந்தையில் மிஞ்சப்போவது அவனே. கேட்ட உடனே பாதி விலைக்குச் சம்மதிப்பவரைக் கண்டால் மகிழ வேண்டாம், அஞ்ச வேண்டும்.

விற்பவருக்கும் கடமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தேன் வியாபாரிக்கும் இதுவே சட்டம். ஈரம் கூடிய தேனென்றால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கட்டும். "அசல்" என்ற ஒரு சொல்லுக்காக மும்மடங்கு விலை கேட்பதும் நியாயமாகாது.

தோழியரே, நல்ல தேன் தருபவரைக் கண்டால் அவரது பெயரையும் ஊரையும் குறித்து வைத்து, அடுத்த பருவத்திலும் அவரிடமே உரிய விலைக்கு வாங்கச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மௌனமாக இருக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமோ முறையிடலாம். நாம் பேசாதிருந்தால் அதே வாளி அடுத்த தெருவுக்குப் போகும்.