தாமதம் வேண்டாம், மஜ்ஜை காக்கும்

காலில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், விட்டு விட்டு வரும் காய்ச்சல். இவற்றைச் சாதாரண ரத்தசோகை என்று சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்கத் தவறும் ‘ஏபிளாஸ்டிக் அனீமியா’வாகவும் அது இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் கடுமையானால் உயிரைப் பறிக்கும்.

இளம் நோயாளிக்குத் திசுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தவர் இருந்தால், மஜ்ஜை மாற்றே முதன்மைச் சிகிச்சை. ஒவ்வொரு உடன்பிறப்பும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. தானமாகப் பெற்ற மஜ்ஜை, ரத்தம் ஏற்றுவதுபோலவே ரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பொருத்தம் அமையாதவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் உள்ளன.

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மக்களுக்கு மஜ்ஜை மாற்று எட்டாத தூரத்தில் இல்லை. அண்டையில், தமிழ்நாட்டிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-லேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. தடையாக நிற்பவை தாமதமும் செலவும்தான். மூன்று வகை ரத்த அணுக்களும் ஒருசேரக் குறைந்தால், ஆரம்ப சுகாதார நிலையங்கள் நோயாளியை உடனே ரத்தநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மாநில எல்லை குறுக்கே நிற்காமல் காப்பீடு முழுச் செலவையும் ஏற்க ஆந்திர அரசு வழிசெய்ய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவித் தரும் மாதிரி போதும், மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லின் கொடையாளராகப் பதிவு செய்யலாம். இளைஞர்களே, முன்வாருங்கள்!