முகவரி யார் பெயரில்?

கிள்ளானில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் என் அத்தை, போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பதறிப்போய் அழைத்தார். "என்னப்பா, நம்ம வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது!" டின்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எல்லாம் அந்த முகவரிதான்.

விசாரித்தேன். ஆண்டுக் கட்டணம் கட்டாததால் முகவரி காலாவதி. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அகப்பக்கம் செய்துகொடுத்த இளைஞருக்குப் போயிருக்கின்றன. முகவரியும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அவருடைய கைப்பேசி எண்ணோ மாறிவிட்டது. காசு கொடுத்தது அத்தை, உரிமை வேறொருவருக்கு!

பழைய வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் வந்தார்கள். புதியவர்கள் வரவில்லை.

பண்டிகை முடிந்ததும் மறுபடி தொடங்கினோம். டாட் காம் டாட் மை முகவரிக்கு வணிகப் பதிவு வேண்டும், அத்தையிடம் எஸ்.எஸ்.எம். பதிவு இருந்தது. அந்தப் பெயரிலேயே முகவரியைப் பதிந்தோம். மின்னஞ்சலும் மறைச்சொல்லும் இப்போது அத்தை கையில்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். ஒரு டின் எத்தனை ரிங்கிட்? ஷா ஆலாமுக்கு அனுப்புவீர்களா? கடைசி ஆர்டர் எந்த நாள்? அந்தப் பதில்கள்தான் முதல் பக்கம். கூடவே ஆர்டர் செய்ய ஒரு வாட்ஸ்அப் பொத்தான். குடும்பக் கதையும் படங்களும் அதற்குக் கீழே. எல்லாவற்றையும் கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகே வெளியிட்டோம்.

உங்கள் கடைக்கும் அகப்பக்கம் உண்டா? முகவரி யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.