நெஞ்சுல ஜிபிஎஸ், முட்டில ஐஸ் பேக்

அக்கா பையனுக்கு பதினஞ்சு வயசு. செம்பாக்கத்துல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. காலைல ஸ்கூல் டீம் பிராக்டிஸ், சாயங்காலம் வாரத்துல மூணு நாள் அகாடமி, ஞாயித்துக்கிழமை மாடம்பாக்கம் பக்கம் டர்ஃப்ல செவன்ஸ் டோர்னமென்ட். போன மாசம் முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சுக்கிட்டு, படி ஏற முடியாம நின்னான். வளர்ற வயசுல அளவுக்கு மீறி ஓடி, குதிச்சா வர்றதுதான்னார் டாக்டர். ஆறு வாரம் பந்தையே தொடக்கூடாது. மாவட்ட செலக்‌ஷன் அதுக்குள்ள முடிஞ்சிரும். பய சரியா சாப்பிடுறதே இல்லை.

இந்த நேரம் பாத்து அகாடமில இருந்து மெசேஜ். எல்லாருக்கும் ஜிபிஎஸ் ஜாக்கெட் வாங்கப் போறாங்களாம், பெற்றோர் பங்கு இவ்வளவுன்னு. அக்கா என்கிட்ட கேட்டா: "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானேடா, இது தேவையா?"

நானும் ஆசையாத்தான் உக்காந்து படிச்சேன். தோள்பட்டைக்கு நடுவுல, முதுகுல ஒரு சின்ன டப்பா. எவ்வளவு தூரம், எத்தனை ஸ்பிரின்ட், எத்தனை தடவை சட்டுனு பிரேக் போட்டான், எல்லாம் வந்துரும். மேட்ச்லயே போட்டுக்கலாம்னு 2015-லயே விதி வந்தாச்சு. ஒரு மிட்ஃபீல்டர் 90 நிமிஷத்துல பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஓடுறான்னு டிவில சொல்றதெல்லாம் இந்த மாதிரி கணக்குதான்.

ஆனா கார்ல் ஃபாஸ்டர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிரபலமாக்கின இன்னொரு முறை இருக்கு. பயிற்சி முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு ஒரே கேள்வி: பத்துக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? அந்த எண்ணை நிமிஷத்தால பெருக்கு. அவ்வளவுதான். செலவு: ஒரு நாப்பது பக்க நோட்டு.

பையனைக் கூப்பிட்டு அடிபடுறதுக்கு முந்தின வாரத்தைக் கணக்குப் போட்டேன். ஸ்கூல் 60 நிமிஷம், கஷ்டம் 4, அஞ்சு நாள்: 1200. அகாடமி 90 நிமிஷம், 7, மூணு நாள்: 1890. ஞாயிறு மூணு மேட்ச், மொத்தம் 120 நிமிஷம், 9: 1080. கூட்டினா 4170. அதுக்கு முந்தி பரீட்சை லீவுல தெருவுல ஆடினதெல்லாம் சேத்தாலும் வாரத்துக்கு 600 தாண்டலை. 4170 தப்பு, 3000 சரின்னு பொதுவா சொல்ல முடியாதுதான். புது வாரத்தைப் பழைய வாரங்களோட வகுத்து, வரப்போற காயத்தை ஜோசியம் மாதிரி சொல்ல முடியுமான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே சண்டை. ஆனா 600-ல இருந்து 4170 போனா எந்த சர்வரும் புகையும் சாமி!

ஸ்கூல் கோச்சுக்குத் தெரிஞ்சது 1200. அகாடமி கோச்சுக்கு 1890. டோர்னமென்ட் நடத்துறவருக்கு என்ட்ரி ஃபீஸ் மட்டும். யார் மேலயும் தப்பு சொல்ல முடியலை. ஆனா 4170-ஐப் பாத்த ஆள் ஒருத்தர்கூட இல்லை. அகாடமி ஜாக்கெட் வாங்கினாலும் அது அகாடமி வாசல்ல கழட்டி வைக்கிற ஜாக்கெட்தானே?

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2023 செப்டம்பர், ஹாங்சௌ ஆசிய விளையாட்டு. ஐஎஸ்எல் அதே வாரம் 21-ம் தேதி ஆரம்பம், கிளப்புகள் ஆள் விடறதுல இழுபறி. கடைசில கிடைச்சவங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம டீம் போய் இறங்கினதே மேட்சுக்கு முந்தின நாள். 19-ம் தேதி சீனாகிட்ட 5-1 அடி. 21 பங்களாதேஷ், 24 மியான்மர். ஆறு நாள்ல மூணு மேட்ச், கேப்டன் சேத்ரிக்கு அப்ப 39 வயசு. களைப்பா இருக்காங்கன்னு கண்டுபிடிக்க சாட்டிலைட்டா வேணும்? அட்டவணையைப் பாத்தா போதாதா?

2024 சந்தோஷ் டிராஃபில கேரளா டிசம்பர் 15-ல ஆரம்பிச்சு 31-ம் தேதி ஃபைனல் வரைக்கும் 17 நாள்ல எட்டு மேட்ச் ஆடுச்சு. செமி ஃபைனலுக்கும் ஃபைனலுக்கும் நடுவுல ஒரே ஒரு நாள். ஃபைனல்ல வங்காளம் ஜெயிச்ச ஒரே கோல் விழுந்தது இஞ்சுரி டைம்ல.

அக்காகிட்ட சொல்லிட்டேன், ஜாக்கெட்டுக்குக் காசு குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம். ஆனா நோட்டு ஒண்ணு வீட்டுல இருக்கட்டும், அதைக் கூட்டிப் பாக்குறது நீ, "இந்த ஞாயிறு போகாதே"ன்னு சொல்ற அதிகாரமும் உனக்குத்தான். கோச் திட்டினா என் நம்பரைக் குடு.

பய மட்டும் முறைக்கிறான். "மாமா, நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பொட்டி தட்டுறியே, உன் நோட்டு எங்க?"

பி.கு: நாலாவது வாரம் ஓடுது. வீக்கம் குறைஞ்சிருக்கு. நேத்து மொட்டை மாடில பந்துச் சத்தம் கேட்டுச்சு, நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன் :-)